நம் ஊரில் பிறந்த மொழியின் பெயர்ப்பட்டியல்

'ஆர்' என்ற நிரல்மொழி பிறந்தது நம் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில்தான், தெரியுமா? 1990களின் தொடக்கத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற புள்ளியியலாளர்கள் இருவர் அதை உருவாக்கினார்கள்.

பெயரைச் சொல்லி மதிப்பை எடுக்க அதில் 'லிஸ்ட்' உண்டு. ஆனால் அது முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகத் தேடும். பட்டியல் நீண்டால் நேரமாகும். டாலர் குறி போட்டு 'கும' என்று கேட்டால், அப்படித் தொடங்கும் பெயர் 'குமரன்' மட்டும் என்றால், குமரனின் மதிப்பெண்ணையே கொடுத்துவிடும். பிழை வெளியே தெரியாது.

'என்விரான்மென்ட்' முழுப்பெயரைத்தான் ஏற்கும்; ஹாஷ் முறையில் நேரே போய் எடுக்கும். ஆனால் அதன் சாவி எழுத்துச்சரமாகவே இருக்க வேண்டும். எதையும் சாவியாக ஏற்கும் 'ஹாஷ்டேப்' 2022இல், 4.2.0 பதிப்பில்தான், சோதனை முயற்சியாக வந்தது.

லிஸ்டில் நான் டாலரைத் தவிர்த்து இரட்டைச் சதுர அடைப்பையே போடுகிறேன். அது பாதிப்பெயருக்கு ஏமாறாது. நீங்களும் அப்படியே பழகுங்கள்.