படத்தைத் திருத்துவதா, முகத்தைத் திருத்துவதா?

கல்யாணவீட்டு அல்பமோ சாமத்தியவீட்டு அல்பமோ வந்து சேர்ந்தால், எங்கள் வீடுகளில் முதலில் நிறத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். "பிள்ளை நல்ல வெள்ளையாய் வந்திருக்கு" என்பார் ஒரு மாமி. நாங்களும் குறைந்தவர்கள் இல்லை. செல்பி எடுத்த கையோடு பருவை அழிக்கிறோம், ஃபில்டர் போடுகிறோம். போனில் ஒரு பொத்தானை அழுத்தினால் படம் தானாகவே "நன்றாகி" விடுகிறது.

நன்றாவது என்றால் என்ன? அதை முடிவு செய்தது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அது எங்கள் முகங்களோடும் சம்பந்தப்பட்டது.

குழந்தையும் சந்திரனும்

முதன்முதலில் கணினிக்குள் போன புகைப்படங்களில் ஒன்று, ஒரு மூன்று மாதக் குழந்தையின் படம். 1957இல் அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் வேலை செய்த ரஸ்ஸல் கெர்ஷ், தன் குழுவோடு சேர்ந்து ஒரு ஸ்கேனரை உருவாக்கினார். அதில் தன் மகனின் படத்தை வைத்தார். நீளத்துக்கு 176 புள்ளிகள், அகலத்துக்கு 176 புள்ளிகள். மொத்தம் 30,976 பிக்சல்கள். இன்றைய போன் படத்தில் இதைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு பிக்சல்கள் இருக்கின்றன.

ஆனால் பெரிய விஷயம் அன்றே நடந்துவிட்டது. படம் எண்களாக மாறியது. எண் என்றால் கூட்டலாம், கழிக்கலாம். ஒரு புள்ளியின் எண்ணைக் கூட்டினால் அது வெளிச்சமாகும், குறைத்தால் இருளும். இன்று எங்கள் போன் செய்வதும் அடிப்படையில் இந்தக் கணக்குத்தான்.

இந்தக் கணக்கை ஆரம்பத்திலேயே நன்றாகப் பயன்படுத்தியவர்கள் விண்வெளி ஆய்வாளர்கள். 1964இல் ரேஞ்சர் 7 விண்கலம் சந்திரனில் மோதுவதற்கு முன் 4,000க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது. கமராவின் குறைகளால் படங்களில் கோணல்களும் தேவையில்லாத கோடுகளும் இருந்தன. நாசாவின் கலிபோர்னியா ஆய்வகத்தில் அவற்றைக் கணினி கொண்டு சரிசெய்தார்கள். கவனியுங்கள், அவர்கள் சந்திரனை அழகாக்கவில்லை. கமரா கெடுத்ததை நீக்கி, அங்கே உண்மையில் இருந்ததைத் தெளிவாக்கினார்கள்.

இருட்டறையிலிருந்து திரைக்கு

1987இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் நோல், தன் கணினித் திரையில் சாம்பல் நிறங்களைக் காட்டுவதற்காக ஒரு சிறு நிரலை எழுதினார். அவருடைய தம்பி ஜோன், ஸ்டார் வார்ஸ் படங்களுக்குக் காட்சி வித்தைகள் செய்த நிறுவனத்தில் வேலை செய்தார். இருவரும் சேர்ந்து அதை வளர்த்தார்கள். 1990 பெப்ரவரியில் அடோபி நிறுவனம் அதைப் போட்டோஷொப் என்ற பெயரில் வெளியிட்டது.

இந்தச் சகோதரர்களின் அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்துப் படம் கழுவியவர். போட்டோஷொப்பில் 'டொட்ஜ்', 'பேர்ன்' என்று இரண்டு கருவிகள் உண்டு. ஒன்றின் சின்னம் குச்சியில் பொருத்திய வட்டத் தகடு, மற்றது குவித்த கை. இருட்டறையில் படத்தை அச்சிடும்போது தகட்டால் ஒளியை மறைத்தால் அந்த இடம் வெளிச்சமாக வரும். கைக்கு நடுவால் கூடுதல் ஒளி விட்டால் அந்த இடம் இருளும். திருத்துவது கணினியோடு பிறந்த பழக்கம் இல்லை. மணிக்கணக்கான வேலையை நிமிடக்கணக்காக்கியதுதான் கணினி.

அதோடு ஆபத்தும் சுலபமாகிவிட்டது. போட்டோஷொப் வருவதற்கு முன்பே, 1982இல், நேஷனல் ஜியோகிராபிக் சஞ்சிகை எகிப்தின் பிரமிடுகளைக் கணினியில் நகர்த்தித் தன் அட்டைக்குள் அடக்கியது. 1994இல் ஓ. ஜே. சிம்ப்சன் கைதானபோது பொலிஸார் எடுத்த படத்தை டைம், நியூஸ்வீக் இரண்டும் ஒரே வாரத்தில் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் அதை அப்படியே போட்டது. டைம் அவருடைய தோலை மேலும் கறுப்பாக்கிப் போட்டது. இரண்டும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு மனிதரைப் பயங்கரமாகக் காட்டக் கறுப்பு நிறத்தைக் கூட்டினால் போதும் என்பதுதானே இதன் அர்த்தம் என்று பலர் கோபப்பட்டார்கள்.

ஷேர்லி என்ற அளவுகோல்

நிறம் பற்றிய இந்தச் சிக்கல் படச்சுருளிலேயே இருந்தது. 1950களிலிருந்து கோடக் நிறுவனம் படம் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் படத்துக்கு நின்ற பெண்ணின் பெயரால் அதை 'ஷேர்லி அட்டை' என்றார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று முடிவு. எங்களைப் போன்றவர்களின் முகம் இருண்டு, பல்லும் கண்ணும் மட்டும் தெரிந்தால் அது இயந்திரத்தின் பிழையாக யாருக்கும் தோன்றவில்லை.

மொன்றியலில் உள்ள கொன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ரொத் இதை ஆராய்ந்து எழுதினார். படச்சுருள் கபில நிறங்களை நன்றாகக் காட்டவில்லை என்ற புகார், சொக்லேட் விற்பவர்களிடமிருந்தும் மரத்தளபாடம் விற்பவர்களிடமிருந்தும் வந்தது என்று கோடக்கில் வேலை செய்தவர்கள் அவரிடம் சொன்னார்கள். 1990களில்தான் பல இனப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை வந்தது.

படச்சுருள் போனாலும் பழக்கம் போகவில்லை. 2017இல் ஃபேஸ்ஆப் செயலியின் "கவர்ச்சி" ஃபில்டர் தோலை வெளுப்பாக்கியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2020இல் மங்கலான படத்தைத் தெளிவாக்கும் ஓர் ஆய்வு நிரலுக்கு பராக் ஒபாமாவின் மங்கலான படத்தைக் கொடுத்தார்கள். அது ஒரு வெள்ளைக்காரரின் முகத்தைத் திருப்பிக் கொடுத்தது. நிரல் அவருடைய முகத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தனக்குப் பழக்கமான முகத்தை ஊகித்து வரைந்தது.

மாற்றமும் வராமல் இல்லை. 2021இல் கூகுள் தன் போன் கமராவைக் கறுத்த தோல்களுக்கும் பொருந்தும்படி மாற்றியமைத்தது. 2022இல் சமூகவியலாளர் எல்லிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிற அளவுகோலையும் வெளியிட்டது.

ஒரே ஒரு படம்

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன்? எங்கள் குடும்பங்களில் பலர் இடம்பெயர்ந்தபோது அல்பங்களை விட்டுவிட்டு வந்தவர்கள். சிலருக்கு ஒரு மனிதரின் ஞாபகமாக மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு சின்னப் படம் மட்டுமே. அம்மாவின் பெரியப்பாவுக்கு எங்களிடம் இருப்பதும் அப்படி ஒன்றுதான்.

அதை நான் இரண்டு விதமாகச் செய்து பார்த்தேன். ஒன்றில் ஸ்கேன் செய்து, மங்கலைக் குறைத்து, கீறல்களை மட்டும் அழித்தேன். மற்றதைத் தானாகத் திருத்தும் ஒரு செயலியிடம் விட்டேன். செயலி கொடுத்த படம் பளிச்சென்று இருந்தது. ஆனால் கன்னத்துத் தழும்பு இல்லை, மூக்கு ஒடுங்கிவிட்டது, நிறமும் வெளுத்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டு, "இது ஆர் பிள்ளை?" என்று கேட்டார். மற்றதைக் காட்டியபோது ஒன்றும் பேசாமல் அந்தத் தழும்பில் விரலை வைத்தார்.

எனவே தம்பி, தங்கச்சிமாரே, வீட்டில் பழைய படம் இருந்தால் இப்போதே ஸ்கேன் செய்யுங்கள். முதல் ஸ்கேனை ஒருபோதும் மாற்றாமல் தனியாக வையுங்கள். பிரதியில் மட்டும் கை வையுங்கள். கீறல், கறை, மங்கல் எல்லாம் காலம் படத்துக்குச் செய்தவை. அவற்றை நீக்கலாம். தழும்பு, சுருக்கம், நிறம் எல்லாம் அந்த மனிதருடையவை. அவற்றில் கை வைக்காதீர்கள். முடிந்ததும் அவரைத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவரை நேரில் கண்டவர்களுக்குத் தெரிவது எந்த மென்பொருளுக்கும் தெரியாது. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.