ரிஷிவேலிப் பள்ளியும் மேல்நிலைக் கல்வியும்

தேர்வு மதிப்பெண்ணை மட்டும் இலக்காகக் கொள்ளாத கல்விக்கு நாற்றங்காலாக விளங்கியது பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியாகும். அன்னி பெசன்ட் அம்மையார் 1915-இல் அங்குப் பிரம்மஞானக் கல்லூரியைத் தோற்றுவித்தார். தாகூர் 1919-இல் தேசிய கீதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தது இக்கல்லூரியில்தான். கலையும் பாடமும் ஒருங்கே பயிலப்படும் சூழல் அங்கு நிலவியமைக்கு இது சான்றாகும்.

மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்விச் சிந்தனையே ரிஷிவேலிப் பள்ளிக்கு அடித்தளம். சென்னைக் கிண்டியில் இயங்கிய பள்ளி, ஜி.வி. சுப்பாராவ் தலைமையில் 1930களின் தொடக்கத்தில் அப்பள்ளத்தாக்கிற்குப் பெயர்ந்தது. ஒரு மாணவரை மற்றொருவரோடு ஒப்பிடுவது அச்சத்தை வளர்க்கும். அச்சமுள்ள இடத்தில் கற்றல் நிகழாது என்பது கிருஷ்ணமூர்த்தியின் கொள்கை. இசை, நடனம், கைத்தொழில், மலையேற்றம், பறவை நோக்கல், மாலைக் கதிரவனை அமைதியாக நோக்கியிருத்தல் ஆகியன அங்குப் பாடங்களோடு இணைந்தன.

எனினும் இப்பள்ளியின் மேல்நிலை மாணவர்களும் இறுதியில் ஐ.எஸ்.சி. பொதுத்தேர்வை எழுதுகின்றனர். கல்லூரிக்குச் செல்லும் வழி அதுவே. ஆந்திரத்தில் இரண்டாண்டு இண்டர்மீடியட் படிப்பு 1969-இல் மீண்டும் வந்தது. அதற்கெனத் தனி வாரியம் 1971-இல் அமைந்தது. பின்னர், நுழைவுத்தேர்வுப் பயிற்சியை இப்படிப்போடு பிணைத்த தனியார் கல்லூரிகள் திருப்பதியிலும் சித்தூரிலும் பெருகின. பதினாறு, பதினேழு வயதினரின் நாள் முழுவதும் பயிற்சிக்கே உரியதாயிற்று.

இங்கு ஒரு முரண் கருதத்தக்கது. சுற்றுப்புறச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்காக ரிஷிவேலி உருவாக்கிய தொடக்கக் கல்விமுறை, அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்டது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் தொடங்கி, 2007-08-இல் தமிழகம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலுக்கு அதுவே முன்னோடி. ஆனால் மேல்நிலை வகுப்பு முறை அவ்வாறு அரசுப் பள்ளிகளுக்குப் பெயரவில்லை. தொடக்க நிலையில் பொதுத்தேர்வு இல்லை. மேல்நிலையிலோ மதிப்பெண்ணே கல்லூரி வாயிலைத் திறக்கிறது.

எனவே, முழுமைக் கல்வி மேல்நிலையில் கட்டணம் செலுத்த இயன்ற சிலருக்கே கிட்டுவதற்குக் காரணம் கற்பிக்கும் முறையன்று. தேர்வும் கல்லூரிச் சேர்க்கையும் அமைந்துள்ள முறையே எனலாம். அவை மாறாதவரை ரிஷிவேலியின் மேல்நிலைக் கல்வி ஒரு பள்ளத்தாக்கின் பேறாகவே நிற்கும்.