வீட்டு பீரும் வெடிச்ச பாட்டில்களும்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். நம்ம தமிழ்நாட்டுல வீட்டுல காய்ச்சறது சட்டப்படி குத்தம். அதனால இதை வரலாற்றுப் பதிவா மட்டும் படிங்க. சட்டம் அனுமதிக்கிற ஊர்கள்ல இருக்கிற மக்கள், புதுசா முயற்சி பண்றவங்களா இருந்தா, நடுநடுவே வர்ற நாலு புத்திமதியை எடுத்துக்கலாம்.

2006-ல நான் கலிஃபோர்னியாவுல குப்பை கொட்டிக்கிட்டு இருந்த நேரம். ஒரு ராத்திரி ரெண்டு மணிக்கு சமையலறையில டமார்னு ஒரு சத்தம். திருடன்தான்னு நினைச்சு ஆளுக்கொரு செருப்போட ஓடினோம். பார்த்தா, அலமாரிக்குள்ள பீர் பாட்டில் வெடிச்சிருக்கு. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே இன்னொண்ணு. எங்க கூட தங்கியிருந்த நண்பர் முதல் தடவையா காய்ச்சின அஞ்சு காலன், அதாவது சுமார் 19 லிட்டர் பீர். வார இறுதிக்கு ஆளுங்க வர்றாங்கன்னு அஞ்சாவது நாளே அவசரமா பாட்டில்ல அடைச்சு மூடி போட்டுட்டார்.

காலையில பக்கத்து வீட்டுப் பெரியவர் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சார். "எங்கப்பா காலத்துல தெருவுக்குத் தெரு இந்தச் சத்தம் கேட்குமாம்"னார். அப்ப எனக்குப் புரியலை. பிறகு தேடிப் படிக்க ஆரம்பிச்சதுல கிடைச்ச கதைதான் இது.

அமெரிக்காவுல 1920 ஜனவரியில மதுவிலக்கு அமலுக்கு வந்தது. பீர் ஆலைகள் எல்லாம் என்ன பண்ணும்? சில பெரிய கம்பெனிகள் மால்ட் பாகு விக்க ஆரம்பிச்சாங்க. முளைகட்டின பார்லியில இருந்து எடுக்கிற, வெல்லப்பாகு மாதிரி கெட்டியான சமாச்சாரம். ரொட்டி சுடறதுக்குன்னு கடையில வெளிப்படையா கிடைக்கும். அதுல ஹாப்ஸ் வாசனை சேர்த்த வகையும் உண்டு. கசப்பு சேர்த்து யாருங்க ரொட்டி சுடுவா? எல்லாருக்கும் விஷயம் தெரியும், யாரும் வாயைத் திறக்கலை.

வில்லங்கம் அங்கதான். டப்பாவை விக்கலாம், ஆனா அதை வெச்சு பீர் எப்படிப் பண்றதுன்னு டப்பா மேல எழுத முடியாது. அதனால செய்முறை காதோட காதா போச்சு. ஒரு டப்பா பாகு, அள்ளிக் கொட்டின வெள்ளைச் சர்க்கரை, ரொட்டிக்குப் போடற ஈஸ்ட், தண்ணி. நுரை கொஞ்சம் அடங்கின மாதிரி தெரிஞ்சா பாட்டில்ல அடை. போதை ஏறும், ஆனா ருசி இருக்காது. நிலவறையில பாட்டில் வெடிக்கும். பெரியவர் சொன்ன சத்தம் இதுதான்.

வெடிக்கிற காரணம் ரொம்ப சாதாரணம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுது. சர்க்கரை தீர்றதுக்கு முன்னாடி மூடி போட்டா வாயு போக வழியில்லை. இட்லி மாவு பொங்கினா மூடியைத் தள்ளிட்டு வெளிய வரும், பாட்டில்ல அது முடியாது. அதனால புத்திமதி ஒண்ணு: அவசரப்படாதீங்க. நுரையை நம்பாம ஹைட்ரோமீட்டரை நம்புங்க. பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பார்க்கிற லாக்டோமீட்டரோட ஒண்ணுவிட்ட தம்பி அது. மிச்சம் இருக்கிற சர்க்கரையைச் சொல்லிடும். ரெண்டு மூணு நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்டினா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தம்.

இதுல வேடிக்கை என்னன்னா, பீர் காய்ச்ச இந்தக் கருவியை எப்படிப் பயன்படுத்தறதுன்னு ஜான் ரிச்சர்ட்சன்ங்கிற இங்கிலாந்துக்காரர் 1784-லயே புத்தகம் போட்டுட்டார். ஆலைக்காரங்க நூறு வருஷத்துக்கு மேல பயன்படுத்திக்கிட்டு இருந்தாங்க. 1920-கள்ல சமையலறையில நின்னவனுக்குத்தான் அதைச் சொல்லித்தர ஆள் இல்லை.

புத்திமதி ரெண்டு: சுத்தம். கொதிச்சு ஆறினதுக்கு அப்புறம் பீரைத் தொடற எல்லாமே, பாத்திரம், குழாய், கரண்டி, மூடி வரைக்கும், கிருமிநாசினியில முக்கி எடுத்ததா இருக்கணும். புதுசா ஆரம்பிக்கறவங்க பீர் புளிச்சுப் போறதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இதை உலகத்துக்குச் சொன்னவர் லூயி பாஸ்டர். 1870-71 போர்ல ஜெர்மனிகிட்ட ஃபிரான்ஸ் தோத்த கோபத்துல, பீர்லயாவது அவங்களை ஜெயிக்கணும்னு ஆராய்ச்சியில இறங்கினார் மனுஷன். 1871-ல லண்டன்ல விட்பிரெட் ஆலைக்குப் போய், கெட்டுப்போன ஈஸ்ட்டை மைக்ராஸ்கோப்புல காட்டினார். சீக்கிரமே அந்த ஆலையும் ஒரு மைக்ராஸ்கோப் வாங்கிடுச்சு. 1876-ல பீரைப் பத்தியே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்.

புத்திமதி மூணு: ரொட்டி ஈஸ்ட் வேண்டாம், பீருக்குன்னு வளர்த்த ஈஸ்ட் போடுங்க. வெள்ளைச் சர்க்கரையில கை வைக்காதீங்க. பாட்டில்ல நுரை வர்றதுக்கு அளந்து போடற கொஞ்சம் சர்க்கரை வேற கதை. ஒரே வகை ஈஸ்ட்டை மட்டும் பிரிச்சு வளர்க்க முடியும்னு 1883-ல செஞ்சு காட்டினவர் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், கோபன்ஹேகன் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துக்காரர். முதலாளி ஜேக்கப்சன் அதைப் பூட்டி வெச்சிருந்தா போட்டிக் கம்பெனிகளைக் காலி பண்ணியிருக்கலாம். அவர் முறையையும் ஈஸ்ட்டையும் மத்த ஆலைகளுக்குச் சும்மாவே கொடுத்தார். ஐரோப்பா முழுக்க பீர் மாறிப்போச்சு.

ஆக, மூணு புத்திமதியும் 1883-லயே தயார். அமெரிக்க மதுவிலக்கு வந்தது 1920-ல. நாப்பது வருஷமா உலகத்துக்குத் தெரிஞ்ச விஷயம், சட்டத்துக்குப் பயந்து வீட்டு அடுப்பங்கரையில மட்டும் தொலைஞ்சு போச்சு. எனக்கு இந்தக் கதையில உறைச்ச இடம் இதுதான்.

1933 டிசம்பர்ல மதுவிலக்கு முடிஞ்சும் நிலைமை மாறலை. வீட்டுல ஒயின் பண்ணிக்கலாம்னு சட்டம் வந்தது, பீர் விட்டுப்போச்சு. நாப்பத்தஞ்சு வருஷம் வீட்டு பீர் காய்ச்சறது குத்தமாவே இருந்தது.

விடிவு வேற திசையில இருந்து வந்தது. பிரிட்டன்ல 1880-ல இருந்து வீட்டுல பீர் காய்ச்ச லைசென்ஸ் வேணும். 1963-ல நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அந்த விதியைத் தூக்கிட்டார். சட்டுனு புத்தகங்கள் வந்தன. பூட்ஸ் மாதிரி மருந்துக்கடைகள்ல கூட பீர் காய்ச்சற சாமான் கிடைக்க ஆரம்பிச்சது. அறுபதுகள்ல ஸ்காட்லாந்துல வேலை பார்த்த ஜாக் மெக்காலிஃப்ங்கிற அமெரிக்கக் கடற்படை ஆள், அப்படி ஒரு பூட்ஸ் கடையில சாமான் வாங்கிக் காய்ச்சக் கத்துக்கிட்டார். ஊருக்குத் திரும்பினவர் 1976-ல கலிஃபோர்னியா சோனோமாவுல நியூ ஆல்பியன்ங்கிற குட்டி ஆலையை ஆரம்பிச்சார். 1982-ல அது மூடிப்போச்சு. ஆனா அதைப் பார்த்து உற்சாகமான ஒருத்தர், சிக்கோ ஊர்ல வீட்டு பீர் சாமான் கடை வெச்சிருந்த கென் கிராஸ்மன். பழைய பால்பண்ணைத் தொட்டிகளை வாங்கி 1980-ல காய்ச்ச ஆரம்பிச்சார். அதுதான் இன்னைக்குப் பேர் பெத்த சியரா நெவாடா.

லண்டன்ல ஒரு விதியைத் தூக்கினா கலிஃபோர்னியாவுல ஆலை முளைக்குது, பாருங்க.

இதுக்கு நடுவுல 1978 அக்டோபர் 14-ம் தேதி ஜிம்மி கார்ட்டர் ஒரு சட்டத்துல கையெழுத்துப் போட்டார். 1979 பிப்ரவரியில இருந்து அமெரிக்கர்கள் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சிக்கலாம். ஒரு ஆள் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 100 காலன், ரெண்டு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா 200. விக்கக் கூடாது. ஆனாலும் மாநிலங்கள் அவங்கவங்க சட்டத்தை மாத்தணும். கடைசியா வந்த மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-லதான் ஒத்துக்கிச்சு!

அப்ப வந்து சேர்ந்தவர்தான் சார்லி பபாஸியன். படிச்சது அணுசக்திப் பொறியியல், பார்த்தது கொலராடோவுல வாத்தியார் வேலை. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே பீர் காய்ச்ச வகுப்பெடுத்தவர். 1978-லயே வீட்டு பீர்க்காரங்களுக்கு ஒரு சங்கம் ஆரம்பிச்சார், 1984-ல புத்தகம் போட்டார். மேல சொன்ன மூணு புத்திமதியும் அதுல உண்டு. அதோட சேர்த்து, புத்திமதி நாலு: பயப்படாதீங்க. புதுசா வர்றவன் பதட்டத்துலதான் பாதி தப்பு பண்றான்னு வாத்தியாருக்குத் தெரிஞ்சிருக்கு. இதைச் சட்டத்துக்குப் பயந்து ஒளிஞ்சு காய்ச்சினவன்கிட்ட யாரால சொல்லியிருக்க முடியும்?

எழுபதுகளோட கடைசியில அமெரிக்கா முழுக்க நூறு பீர் ஆலைகூட இல்லை. இன்னைக்கு 9,000-க்கு மேல. அதை ஆரம்பிச்சவங்கள்ல நிறைய பேர் சமையலறையில பாட்டில் வெடிக்க விட்டுக் கத்துக்கிட்டவங்கதான்.

எங்க நண்பரும் விடலை. அட்வான்ஸ் பணத்துல வீட்டுக்காரம்மா சுவருக்குப் பெயின்ட் செலவைப் பிடிச்சுக்கிட்ட பிறகும் ரெண்டாவது தடவை காய்ச்சினார். இந்தத் தடவை ஹைட்ரோமீட்டர் வாங்கினார். ரெண்டு வாரம் காத்திருந்து அடைச்சு, இன்னும் ரெண்டு வாரம் தொடாம வெச்சிருந்தார். முதல் பாட்டிலைப் பக்கத்து வீட்டுப் பெரியவர்கிட்ட கொண்டுபோய்க் கொடுத்தோம். ஒரு வாய் குடிச்சுட்டு, "எங்கப்பாவுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்"னார்.

உங்க வீட்டுல ஊறுகாய் ஜாடியோ, ஒயின் குப்பியோ வெடிச்ச கதை இருந்தா நீங்களும் சொல்லுங்க மக்கா :-)