கொள்ளும் குரப்பமும்: சேலம் – நாமக்கல் சமவெளியில் குதிரைப் பராமரிப்பு

முன்னுரை

தமிழக வரலாற்றில் குதிரை பெரும்பாலும் இரண்டு நிலைகளிலேயே பேசப்படுகிறது. ஒன்று, கடல்வழி வந்த விலையுயர்ந்த வணிகப்பொருள். மற்றொன்று, படையின் உறுப்பு. கப்பலிலிருந்து இறங்கிய குதிரை பின்னர் எதைத் தின்றது, அதன் உடலை எவர் தேய்த்தார், குளம்பை எவர் பார்த்தார் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. அரேபிய, பாரசீகக் குதிரைக்குத் தமிழ்நிலத்தின் வெப்பமும் ஈரமும் இயல்பானவையல்ல. ஆகவே அதன் ஆயுள் அன்றாடப் பராமரிப்பையே சார்ந்திருந்தது. அப்பராமரிப்பில் நன்செய் அரசின் ஆடம்பர உணவைவிடப் புன்செய் நிலத்தின் எளிய தீவனமே நிலைத்த பயன் தந்தது என்பதைச் சேலம், நாமக்கல் சமவெளியை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கியம் காட்டும் இருவகைத் தீவனம்

இவ்வட்டாரத்தின் தொல்பழம் தலைவர்களுள் ஒருவன் கொல்லிமலைக்குரிய வல்வில் ஓரி. அவனது குதிரையின் பெயரும் ஓரி என்றும், அவனோடு பொருத காரியின் குதிரை காரி என்றும் சிறுபாணாற்றுப்படை குறிக்கிறது. தலைவனும் குதிரையும் ஒரே பெயரால் வழங்கப்பட்டமை, அக்குதிரை இலாயக் கூட்டத்துள் ஒன்றாக அன்றித் தனித்து அறியப்பட்ட உயிராகப் பேணப்பட்டதை உணர்த்துகிறது.

பராமரிப்பு பற்றிய நேரடிச் சான்று பொன்முடியார் பாடிய புறநானூற்று 299ஆம் பாடலில் உள்ளது. பருத்தியை வேலியாகக் கொண்ட சிற்றூர் மன்னனின் குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்நடை நடப்பது. மருதநில ஊர்களையுடைய பெருவேந்தரின் குதிரைகளோ நெய் பெய்து மிதித்த கவளம் உண்பவை. பிடரிமயிர் கத்தரிக்கப்பட்டு மாலை அணிந்தவை. எனினும் போர்க்களத்தில் படையைப் பிளந்து சென்றது சிற்றூர்க் குதிரையே. பெருவேந்தரின் குதிரைகள் ஒடுங்கி நின்றன. இப்பாடல் வீரத்தைப் புகழ எழுந்ததாயினும், தீவனமும் ஒப்பனையும் நிலவகைக்கும் செல்வநிலைக்கும் ஏற்ப வேறுபட்டதைத் தெளிவாகப் பதிவு செய்கிறது. பருத்தியும் உழுந்தும் புன்செய் நிலத்தோடு நெருங்கிய தொடர்புடைய பயிர்கள் என்பது இங்குக் கருதத்தக்கது.

அயலார் குறிப்புகளும் அவற்றின் மறுவாசிப்பும்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்து ஆயிரக்கணக்கில் வாங்கப்பட்ட குதிரைகளுள் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார். பேணத் தெரியாமையையும், குதிரை மருத்துவர்கள் அங்குச் செல்லாதவாறு வணிகர்கள் தடுத்ததையும் காரணங்களாகக் கூறுகிறார். சோற்றோடு வேகவைத்த இறைச்சி ஊட்டப்பட்டதாகவும் எழுதுகிறார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிக் கொழுக்க வைத்து, பின் பயிற்சியின்றி ஏறிச் செலுத்தினர் என்கிறார்.

இக்குறிப்புகளைத் தமிழர் அனைவரின் அறியாமைக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது. இவை அரசவை இலாயங்களைப் பற்றியவை. நெய்க்கவளம் என்னும் கூறு புறநானூறு காட்டும் பெருவேந்தர் வழக்கோடு ஒத்துள்ளது. மேலும், ஓய்வில் நிறுத்தித் தானியத்தை மிகுதியாக ஊட்டியபின் திடீரெனக் கடும் வேலை வாங்கினால் தசைநோயும் குளம்பழற்சியும் தோன்றும் என்பது இன்றைய கால்நடை மருத்துவம் அறிந்த உண்மை. குதிரையின் இரைப்பை சிறியது; குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. எனவே நார்மிக்க உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை தருவதே முறை. செல்வத்தின் மிகுதியே குதிரைக்குக் கேடாயிற்று என்பது வஸ்ஸாபின் விவரணையிலிருந்து பெறப்படும் முடிவாகும்.

புன்செய் நிலத்தின் கொடை

சேலம், நாமக்கல் சமவெளியின் மானாவாரி நிலங்களில் குறைந்த மழையிலும் விளைவது கொள்ளு. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் புரதம் கொண்ட இப்பயறு குதிரையின் தீவனம் என்பதாலேயே ஆங்கிலத்திலும் குதிரைப் பயறு எனப் பெயர் பெற்றது. கடினமான இம்மணியை ஊறவைத்து வேகவைத்து, ஆற்றிப் பிசைந்து, கொள்ளுப்பையில் இட்டு வாயில் கட்டுவது வழக்கம். வேகாத கொள்ளு வயிற்றில் ஊதிச் சூலையை விளைவிக்கும் என்னும் பட்டறிவே இதற்கு அடிப்படை. இதனோடு அறுகம்புல்லை வேரோடு செதுக்கி, மண் போக அலசி உலர்த்தித் தந்தனர்.

உடலைப் பேணுவதில் முதன்மையான கருவி குரப்பம். வியர்வையும் புழுதியும் உறைந்த மயிரைக் குரப்பத்தால் கிளறி, வைக்கோல் திரியாலும் கையாலும் அழுத்தித் தேய்ப்பர். இது ஒப்பனை மட்டுமன்று. புண், உண்ணி, வீக்கம் ஆகியவற்றை நாள்தோறும் கண்டறியும் சோதனையுமாகும். குளம்பின் அடியைத் தோண்டித் தூய்மை செய்வதும் அவ்வாறே. ஈரநிலத்தில் குளம்பு அழுகும். சரளை நிலத்தில் தேயும். இச்சமவெளியில் இரண்டாவதே பெருஞ்சிக்கல். மாதத்திற்கு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிமீட்டர் வளரும் குளம்பைச் சீவி, ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை இலாடத்தை மாற்ற வேண்டும்.

சொற்களும் இவ்வரலாற்றைச் சொல்கின்றன. லாயம், லாடம் என்பவை மொழிமுதல் வாராத லகரத்தில் தொடங்குபவை; சவுக்கு பாரசீக மூலமுடையது. கொள், புல், உளை, குளம்பு ஆகியவையோ தமிழ்ச்சொற்கள். கட்டிடமும் கருவியும் பிறமொழிப் பெயர்களோடு வழங்க, தீவனமும் உடலுறுப்பும் தமிழ்ப்பெயர்களிலேயே நிலைத்துள்ளன.

குதிரைக்காரரும் புல்லறுப்போரும்

1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. அன்றைய சேலம் மாவட்டத்தைச் சேர்ந்த ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குக் குதிரை வழங்கும் பண்ணை 1824இல் தோன்றியது. வட இந்திய ஆங்கில வழக்கில் ‘சைஸ்’ எனப்பட்டவர் சென்னை மாகாணத்தில் ‘ஹார்ஸ்கீப்பர்’ எனப்பட்டார். அவரே தமிழில் குதிரைக்காரர். அவரோடு புல்லறுப்பவர் ஒருவரும் இருந்தார். இப்பணியில் பெண்களும் ஈடுபட்டனர்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் தூண்களில் பாயும் குதிரைமேல் வீரர் அமர்ந்திருக்கின்றனர். நாயக்கர் காலச் சிற்பிகள் சேணத்தையும் மணிமாலையையும் நுணுக்கமாகச் செதுக்கினர். கொள்ளு வேகவைத்தவருக்கும் குரப்பம் பிடித்தவருக்கும் அவ்வரிசையில் இடமில்லை. கல்வெட்டுகளில் குதிரைச் செட்டிகள் பெயர் பெற்றனர். புல் சுமந்தோர் பெறவில்லை. பெருவேந்தரின் இலாயங்கள் மறைந்தபின்னும் நகரத்து ஜட்கா வண்டிக் குதிரைகளைக் காத்தது இவர்களின் கைப்பழக்கமே. இன்றும் ஈரோடு மாவட்டம் அந்தியூர் குருநாதசாமி கோயிலில் ஆடியில் கூடும் குதிரைச்சந்தை, கொங்குப் பகுதியில் அவ்வறிவு முற்றும் அற்றுப்போகாமைக்குச் சான்றாகிறது.

முடிவுரை

தமிழர்க்குக் குதிரை பேணத் தெரியாது என்னும் பழங்கூற்று, அரசவைச் செல்வத்தை மட்டும் கண்டோரின் கூற்று. பொன்முடியார் காட்டிய சிற்றூர்க் குதிரையும் சேலம் சமவெளியின் கொள்ளும் அறுகும் வேறொரு மரபை உணர்த்துகின்றன. நிலத்தில் விளைவதை அளவறிந்து ஊட்டி, நாள்தோறும் தொட்டுப் பார்த்துப் பேணிய மரபு அது. குதிரையின் வரலாறு துறைமுகத்தில் முடிவதில்லை; கொட்டடியில் தொடர்கிறது. குதிரைக்காரர், புல்லறுப்போர், இலாடம் கட்டுவோர் ஆகியோரின் உழைப்பையும் வாய்மொழி அறிவையும் தொகுத்தாலன்றி அவ்வரலாறு முழுமை பெறாது.