பொம்மை ஏன் சின்னதாகிறது? கோடு புள்ளியாகும் கதை

சுட்ட பிறகு சரியாக 10 அங்குல உயரம் இருக்கிற மாதிரி ஒரு பீங்கான் பொம்மை வேணும். அப்படின்னா மூல உருவை எத்தனை அங்குலத்தில் செய்யணும்?

காயும்போதும் சூளையில் வேகும்போதும் மண் சுருங்கும். நம்ம மண் மொத்தமாக 10 சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொள்வோம். உடனே "11 அங்குலம்" என்று சொல்லத் தோணும். ஆனால் 11-இல் 10 சதவீதம் போனால் மிச்சம் 9.9 தான். சரியான விடை 11.1 அங்குலம். விருத்தாசலம் மாதிரி ஒரு பீங்கான் ஊரில் அச்சு செய்கிறவர்களுக்கு இது அன்றாடக் கணக்கு. வெள்ளைக் களிமண் பக்கத்திலேயே நெய்வேலியில் கிடைக்கும். ஊரில் செராமிக் தொழிற்பேட்டை உண்டு, செராமிக் படிப்புக்கென்றே ஓர் அரசு நிறுவனமும் உண்டு. பியூஸ் கட்டையானாலும் அகல் விளக்கானாலும் பொம்மையானாலும், செய்கிற அளவு வேற, கைக்கு வருகிற அளவு வேற.

இந்த ஊர்த் தொழிலை வைத்துக் கணினி வரைகலையின் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லப்போகிறேன்: வெக்டர் படம் பிட்மேப் ஆகிற கதை.

முதலில் பொம்மையை முடித்துவிடுவோம். மூல உருவிலிருந்து ஒரு தாய் அச்சு எடுப்பார்கள். அதிலிருந்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வேலை அச்சுகள். அந்த அச்சில் களிக்குழம்பை ஊற்றினால், பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சுவரோரமாக மண் தோல் மாதிரி படியும். மிச்சக் குழம்பைக் கொட்டிவிட்டுப் பொம்மையை எடுக்கலாம். வேலை அச்சு தேயும். மூக்கு மழுங்கும், நகையின் கோடுகள் மறையும். தாய் அச்சு இருந்தால் கவலையில்லை, புதுசு எடுத்துக்கலாம்.

தாய் அச்சு தொலைந்துபோனால்? சுட்ட பொம்மை ஒன்றை வைத்தே அச்சு எடுக்கலாம், எடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் 10 அங்குலப் பொம்மையிலிருந்து எடுத்த அச்சு 9 அங்குலப் பொம்மையைத்தான் தரும். அதிலிருந்து இன்னொன்று எடுத்தால் 8.1. அடுத்தது 7.3. ஒவ்வொரு தலைமுறையிலும் அளவு குறையும், முகமும் மங்கும். 1952-இல் ஆர். வி. நிக்கோல்ஸ் என்ற ஆய்வாளர் பழைய கிரேக்கச் சுடுமண் பொம்மைகளைப் பற்றி எழுதும்போது இதையே ஆதாரமாக வைத்துக்கொண்டார். ஒரே மாதிரி இருக்கிற பொம்மைகளில் எது சின்னதோ, எதில் விவரம் குறைவோ, அது பிந்தைய தலைமுறை. பிரதியின் பிரதி தன் வயசைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இப்போது கணினிக்கு வருவோம். வெக்டர் ஃபைலில் படம் இருக்காது, படத்துக்கான செய்முறை இருக்கும். "இந்த இடத்தை மையமாக வை, இவ்வளவு ஆரத்தில் வட்டம் போடு, சிவப்பு பூசு" என்கிற மாதிரி. பிட்மேப்பில் செய்முறை கிடையாது. கட்டம் போட்ட தாளில் எந்தக் கட்டத்துக்கு என்ன நிறம் என்கிற பட்டியல் மட்டும்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால், ஒரு சதுர அங்குலத்தில் 90,000 கட்டங்கள். அந்த ஓர் அங்குல முத்திரையை 4 அங்குலமாக இழுத்தால், ஒரு கட்டம் இருந்த இடத்தில் 16 கட்டம் வேணும். மிச்சம் 15-க்குத் தகவல் எங்கிருந்து வரும்? பக்கத்துக் கட்டத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும். அதனால்தான் ஓரம் படிக்கட்டாகிறது, இல்லாவிட்டால் கலங்குகிறது. செய்முறை மட்டும் கையில் இருந்தால், 4 அங்குலத்துக்குப் புதுசாகவே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெக்டர் என்பது தாய் அச்சு. பிட்மேப் என்பது சூளையிலிருந்து வந்த பொம்மை.

கோட்டை எப்படிக் கட்டமாக்குவது என்பது கணினி உலகம் சீக்கிரமே சந்தித்த கேள்வி. 1962-இல் ஐபிஎம்மில் இருந்த ஜாக் பிரெசன்ஹாம், கணினியோடு இணைத்த ஒரு வரைபொறிக்காக வழி ஒன்று கண்டுபிடித்தார். அந்தப் பேனாவால் சின்னச் சின்ன அடியாகத்தான் நகர முடியும். சாய்ந்த கோடு போடணும் என்றால், ஒவ்வோர் அடியிலும் "நேராகப் போகலாமா, ஒரு படி ஏறலாமா, எது உண்மைக் கோட்டுக்குக் கிட்ட?" என்று கேட்கணும். பெருக்கல், வகுத்தல், பின்னம் எதுவும் இல்லாமல், முழு எண்களைக் கூட்டிக் கழித்தே பதில் சொல்லிவிடலாம் என்று அவர் காட்டினார். கட்டுரை 1965-இல் அச்சானது. இன்றைக்கும் வரைகலைப் பாடத்தில் ஆரம்பத்திலேயே வருவது அதுதான்.

கட்டமே வேண்டாம் என்ற திரைகளும் இருந்தன. 1979-இல் வந்த அட்டாரியின் ஏஸ்டிராய்ட்ஸ் விளையாட்டில் எலக்ட்ரான் கற்றை கோட்டைக் கோடாகவே இழுத்தது. ஆனால் படம் கூடக்கூட அந்த வழி திணறும். கட்டத் திரை எதையும் காட்டும், புகைப்படத்தைக்கூட. கட்டம்தான் ஜெயித்தது.

அடுத்த பெரிய யோசனை, புள்ளியாக்குவதைக் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடுவது. 1984-இல் அடோபி வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அதைச் செய்தது. கணினி அச்சுப்பொறிக்குச் செய்முறையை மட்டும் அனுப்பும். 1985-இல் வந்த ஆப்பிளின் லேசர்ரைட்டர் தனக்குள் இருந்த செயலியை வைத்து அதை 300 புள்ளி அடர்த்திக்கு மாற்றிக்கொண்டது. இன்னும் நுணுக்கமான இயந்திரத்துக்கு அதே ஃபைல் போனால், அது தன் அளவுக்கு மாற்றிக்கொள்ளும். களியை வழியில் எங்கேயும் சுடுவதில்லை. போய்ச் சேருகிற ஊரில்தான் சூளை.

பீங்கானில் இந்தக் கோடு–புள்ளி விவகாரம் கணினிக்கு 200 வருஷம் மூத்தது. 1756 ஜூலையில் லிவர்பூலில் ஜான் சாட்லர், கை கிரீன் இருவரும் 6 மணி நேரத்தில் 1,200-க்கு மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சிட்டதாக உறுதிமொழி கொடுத்தார்கள். செப்புத்தகட்டில் கோடாகச் செதுக்கி, தாளில் அச்செடுத்து, பீங்கானுக்கு மாற்றுகிற முறை அது. பிறகு தகட்டில் கோட்டுக்குப் பதில் நுண்ணிய புள்ளிகளாகக் குத்தி, மெல்லிய பசைத்தகடு வழியாக மாற்றுகிற முறையும் வந்தது. புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம். ஆனால் பெரிய தட்டுக்கு ஒரு தகடு, சின்னத் தட்டுக்கு வேறு தகடு, கோப்பைக்கு இன்னொன்று. செதுக்கிய செம்பு இழுத்தால் நீளாதே! ஒவ்வோர் அளவுக்கும் ஆள் உட்கார்ந்து மறுபடி செதுக்கினார்கள். 2000 வாக்கில் ஸ்பெயினின் கெராஜெட், ஓட்டின்மேல் நேராக மை தெளிக்கும் பொறியைக் கொண்டுவந்தது. அதற்கும் கடைசியில் வேண்டியது புள்ளிப் பட்டியல்தான். அதைச் சூளை வேறு நிரந்தரமாக்கிவிடும்.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் கணிதமாகவே எடுத்துக்கொண்டவர்கள் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்தார்கள். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் மூவரும் 1974-இல் கோலத்தையும் அணி இலக்கணத்தையும் இணைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் கோலம் என்பது வரிசை வரிசையாகக் குறிகள் நிரம்பிய கட்டம், அந்தக் கட்டத்தை வளர்க்க விதிகள். பின்னாளில் கிஃப்ட் சிரோமணி கம்பிக் கோலத்தைக் கையின் அசைவுகளாகவும் ஆராய்ந்தார்: நேராகப் போ, வளை, புள்ளியைச் சுற்று. ஒரே கோலத்துக்கு இரண்டு விவரிப்பு. ஒன்று கட்டம், இன்னொன்று கோடு.

நம்ம வீட்டுக் கோல நோட்டைப் பாருங்க. "15 புள்ளி, 8-இல் நிறுத்தவும், ஊடு புள்ளி" என்று எழுதியிருக்கும். அதில் அங்குலமே கிடையாது! அபார்ட்மென்ட் வாசலுக்கும் அது பொருந்தும், மார்கழித் தெருவுக்கும் பொருந்தும். எந்த வாசலில் போடுகிறோமோ, அங்கேதான் அது அளவு பெறுகிறது. அதே கோலத்தை செல்போனில் படம் பிடித்தால் அது ஒரு வாசலின் ஒரு நாள் கோலம், அவ்வளவுதான்.

இதெல்லாம் எங்கே இடிக்கும் என்றால், டிடிபி கடையில். கோரல்டிராவில் வரைந்த முத்திரை ஜேபெக்காக வாட்ஸ்அப்பில் போகும், அங்கே இன்னும் சுருங்கும். மூணு வருஷம் கழித்துக் கோப்பையில் அச்சிட ஒருத்தர் கேட்கும்போது அந்த ஜேபெக் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதை "டிரேஸ்" பண்ணி மறுபடி கோடாக்கலாம். ஆனால் அது சுட்ட பொம்மையிலிருந்து எடுத்த அச்சு. மழுங்கிய மூக்கு மழுங்கிய மூக்காகவேதான் வரும்.

தமிழுக்கு இதில் இன்னொரு படியும் உண்டு. வேறு கடையில் அந்த ஃபாண்ட் இருக்காதே என்று எழுத்தைக் "கர்வ்" ஆக்கி அனுப்புவது நம்ம கடைகளில் பழக்கம். அதுக்கப்புறம் "அ" என்பது எழுத்து இல்லை, வெறும் வளைகோடு. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் தேடினால் கிடைக்காது, பிழை திருத்தவும் முடியாது. எழுத்து கோடாகி, கோடு புள்ளியாகி இறங்குகிற இந்தப் படிகளில் ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று கழிகிறது.

புள்ளியாக்காமல் அச்சும் இல்லை, திரையும் இல்லை. சுடாத பொம்மையை யாரும் விற்க முடியாது. புகைப்படம் மாதிரி பிறக்கும்போதே புள்ளியாகப் பிறந்தவற்றுக்குத் தாய் அச்சு என்று தனியாக ஒன்றும் இல்லை, பெரிய அளவில் எடுத்த முதல் படமே தாய். மற்றதுக்கெல்லாம் வழி ஒன்றுதான். எழுத்து எழுத்தாக இருக்கிற ஃபைல் ஒன்று, கர்வ் ஆக்கியது ஒன்று, அனுப்புவதற்கு ஜேபெக் ஒன்று என்று மூன்றையும் தனித்தனிப் பெயரில் வையுங்கள். வாடிக்கையாளருக்கு மூன்றாவது போதும். முதல் ஃபைல் அலமாரியில் இருக்கட்டும்.