அளந்து அடைத்த ஆகாரம்

பருத்த தேகத்தை மெலிவிக்கும் உபாயங்களை மனிதர் நாடுவது புதிய வழக்கமன்று; லண்டன் மாநகரில் ஈமக்கிரியைகளுக்கு ஏற்பாடு செய்துகொடுக்கும் தொழிலில் இருந்த வில்லியம் பாண்டிங் என்பவர், ரொட்டி, வெண்ணெய், சர்க்கரை, உருளைக்கிழங்கு முதலியவற்றைத் தவிர்த்துத் தாம் இளைத்த விருத்தாந்தத்தை 1863-ஆம் ஆண்டிலேயே சிறு பிரசுரமாக அச்சிட்டு வழங்கினார். ஆயினும் அவருடைய பத்தியம் இன்னின்னதை உண்க, இன்னின்னதை விலக்குக என்று விதித்ததேயன்றி, உண்ணவேண்டியதை அளந்து டப்பாவில் அடைத்து நீட்டவில்லை. அத்தகைய வியாபாரம் அமெரிக்காவில் பெருவழக்காவதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிய வேண்டியிருந்தது.

1959-ல், இந்தியானா மாகாணத்து எவான்ஸ்வில் நகரைச் சேர்ந்த மீட் ஜான்சன் கம்பெனியார் மெட்ரிகால் என்னும் பால்மாவை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அதன் பூர்வோத்தரம் விசித்திரமானது: வழக்கமான உணவை உட்கொள்ள இயலாத நோயாளிகளுக்குப் போஷணை அளிப்பதற்கென அதே கம்பெனியார் முன்னரே விற்றுவந்த சஸ்டஜென் என்னும் பானத்தை ஒட்டியே அது அமைந்தது; நலிந்தவரைத் தேற்ற வந்த பொருளின் சந்ததி, கொழுத்தவரை இளைக்கச் செய்யப் புறப்பட்டது. வேளைக்கு 225 கலோரி வீதம் நாளொன்றுக்கு நான்கு வேளை, ஆக 900 கலோரி என்பது கணக்கு. எதை உண்பது, எவ்வளவில் நிறுத்துவது என்னும் ஓயாத விசாரத்தினின்று விடுதலை அளித்ததே அதன் பெருங்கவர்ச்சி. பின்னர் அது திரவமாகவே டப்பாவில் வந்தது. பெட் மில்க் கம்பெனியாரின் சீகோ முதலிய போட்டிச் சரக்குகளும் அங்காடியை நிறைத்தன. ஆனால் ஒரே சுவையை நித்தம் பருகுவதால் நாவுக்கு உண்டாகும் சலிப்பை விளம்பரங்களால் நீக்க இயலவில்லையாதலால், சில ஆண்டுகளில் அந்த மோகம் தணிந்தது.

அடுத்து வந்த அலை அபாயமானது. விலங்குகளின் தோலிலும் தசைநாணிலும் இருந்து எடுத்த புரதத்தைத் திரவமாக்கி, அதையே முழு ஆகாரமாகக் கொள்ளும் விரதம் 1976-க்குப் பின் பரவியபோது, இருதயத் துடிப்பு தடுமாறிப் பலர் மாண்டனர். அதன்பின் கம்பெனியார் சற்று நிதானித்தனர் போலும். 1981-ல் வெளிவந்த லீன் குசீன், உறையவைத்த முழு உணவையே 300 கலோரிக்குள் அடக்கித் தந்தது. எனினும் திரவ விரதத்தின் செல்வாக்கு மறைந்துவிடவில்லை. 1988-ல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே, அத்தகைய விரதத்தால் தாம் இழந்த 67 ராத்தலுக்கு ஈடான கொழுப்பைச் சிறு வண்டியொன்றில் இழுத்துக்கொண்டு தொலைக்காட்சியில் தோன்றி நாட்டையே வியக்கவைத்தார். இழந்த எடை பின்னர் திரும்பிவிட்டதையும் அவரே ஒளிக்காமல் கூறினார்.

அவ்வாறு திரும்புவதை மனவுறுதியின் குறைவென்று கருதுவதே அந்நாளைய வழக்கம். 2011-ல் வெளியான மெல்போர்ன் ஆராய்ச்சி வேறு காரணம் காட்டிற்று: பருமன் மிக்க 50 பேர் 10 வாரங்கள் அளவிட்ட குறைந்த ஆகாரத்தில் இருந்து இளைத்தபின், பசியைத் தூண்டும் சுரப்புகள் மிகுந்தும், அதை அடக்குபவை குறைந்தும், ஓராண்டு கழித்தும் பழைய நிலைக்கு வாராமல் இருந்தன. டப்பா ஓய்ந்தபின்னும் சரீரம் இழந்ததை மீட்க முயன்றுகொண்டேயிருக்கிறது.

ஆயினும் டப்பா பயனற்றதென்று தள்ளிவிடவும் இயலாது. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நீரிழிவுக்காரரிடையே நடைபெற்று, 2017-ல் முதல் முடிவுகள் வெளியான பரிசோதனையில், மூன்று முதல் ஐந்து மாதம்வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி அளவில் பானங்களும் சூப்பும் மட்டும் அளித்து, பின்னர் வழக்கமான உணவைப் படிப்படியாகச் சேர்த்து, தாதியரும் உணவு நிபுணரும் இரண்டாண்டுவரை துணைநின்றனர். முதலாண்டின் முடிவில் 15 கிலோவோ அதற்கு மேலோ குறைந்திருந்தவர் நூற்றுக்கு 24 பேர். இரண்டாம் ஆண்டில் அத்தொகை 11 ஆயிற்று. விசேஷ சிகிச்சையின்றி வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களுள் அவ்விரண்டாம் ஆண்டில் அந்த அளவு இளைத்திருந்தவர் நூற்றுக்கு 2 பேரே.

ஆதலின் விரைந்து இளைப்பதற்கு டப்பா துணைபுரிகிறது. இளைத்ததைக் காப்பதற்கு அது ஒன்றே போதாது. உண்பவனைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பிலிருந்து விடுவிப்பதாகச் சொல்லியே இவ்வியாபாரம் வளர்ந்தது. அந்தப் பொறுப்பை வீட்டுச் சமையலறையில், மெல்ல மெல்ல, வழிகாட்டுவோர் உடனிருக்க, அவன் மீண்டும் ஏற்கும் காலமே சிகிச்சையின் கடினமான பகுதி. கடையில் வாங்கும் டப்பாவுக்குள் அந்தப் பகுதி அடங்குவதில்லை.