ஒரு சமிக்ஞை, பல திரைகள்: ஒரு வரலாற்று நோக்கு

வீட்டுக்கு வந்து சேரும் தொலைக்காட்சிச் சமிக்ஞை ஒன்றே. அதனைப் பல அறைகளிலுள்ள பெட்டிகளுக்குப் பங்கிடுதல் வெறுந் தொழினுட்பச் சிக்கல் என்றே பலரும் கருதுவர். ஆயின், ஐக்கிய அமெரிக்காவின் அனுபவத்தை நோக்குமிடத்து, பங்கிடும் முறையைக் காட்டிலும் பங்கிடும் உரிமையே பெரிய வினாவாக இருந்து வந்துள்ளமை புலனாகும். இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1948 நவம்பரில் சியற்றில் நகரில் தொலைக்காட்சி நிலையமொன்று ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அங்கிருந்து நூறு மைலுக்கு அப்பால், ஒரேகன் மாநிலத்து அஸ்டோரியாவில் வானொலி நிலையம் நடத்திய எட் பார்சன்ஸ் என்பவர், ஹோட்டல் ஒன்றின் கூரையில் அன்ரெனாவை நாட்டி, தெருவுக்கு எதிரேயிருந்த தம் வீட்டுக்கு வடம் இழுத்தார். படம் தெரிந்தது, பார்க்க வந்த கூட்டத்தை வீடு கொள்ளவில்லை. எனவே ஹோட்டலின் கூடத்துக்கும் அயல் வீடுகளுக்கும் வடத்தை நீட்டினார். 1950 இல் பென்சில்வேனியாவின் லான்ஸ்போர்ட் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரில், மலைகள் மறித்த ஒளிபரப்பை மேட்டில் அன்ரெனா அமைத்துப் பெற்று, றொபேட் ரார்ல்ரன் என்பவர் மாதக் கட்டணத்துக்கு வீடுகளுக்கு வழங்கலானார்.

அக்காலத்தில் பங்கீட்டுக்குத் தடையாக நின்றது இயற்கை விதியே. சமிக்ஞையை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு கிளைக்கும் பாதி வலுவினும் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். நான்காகப் பிரித்தால் கால்வாசியும் கிடையாது. ஆதலின் பிரிப்பதற்கு முன்னரே அதனை விரியலாக்கியினாற் பெருக்குதல் வேண்டும். பிரிந்து மெலிந்த பின்னர் பெருக்கின், இரைச்சலும் உடன் பெருகும்.

அடுத்துச் சட்டத்தின் வினா எழுந்தது. வடவழிச் சேவையாளர் பதிப்புரிமையை மீறுகின்றனரா என்ற வழக்கில், இல்லையென 1968 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் தீர்த்தது. 1976 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமோ அவர்கள் உரிமைப்பணம் செலுத்த வேண்டுமென விதித்தது. இவ்வினா வீட்டின் உள்ளேயும் நுழைந்தது. இரண்டாவது பெட்டிக்கெனத் தனிக் கட்டணம் அறவிடலாமா? கட்டண ஒழுங்குவிதிகளுக்கு உட்பட்ட சேவைகளில், மேலதிகப் பெட்டிகளின் இணைப்புக் கட்டணம் உண்மைச் செலவை அடிப்படையாகக் கொண்டதாயிருத்தல் வேண்டுமென 1992 ஆம் ஆண்டின் வடத் தொலைக்காட்சிச் சட்டம் கூறிற்று.

1996 இல் ஏற்கப்பட்ட இலக்கமுறை நியமம், உயர் தெளிவுப் படத்தைச் சுருக்கி, பழைய 6 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்குள்ளேயே அடக்கிற்று. ஆகவே பழைய ஓரச்சு வடமும் பிரிகருவியும் தொடர்ந்து பயன்பட்டன. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. முன்னர் சமிக்ஞை மெலிந்தால் படத்திற் புள்ளிகள் தோன்றும். இலக்கமுறையிலோ ஓர் எல்லைக்குக் கீழே படமே அற்றுப்போகும்.

2002 இல் வெளியான எச்.டீ.எம்.ஐ. இணைப்பு நிலைமையை மாற்றிற்று. அது சுருக்கப்படாத படத்தைக் கொண்டு செல்வது. அதிற் செல்லும் காப்புடைய நிகழ்ச்சிகளை இன்ரெல் நிறுவனம் வகுத்த எச்.டீ.சீ.பீ. என்னும் மறைகுறிப் பூட்டுக் காத்தது. ஒவ்வொரு திரையும் தனக்குரிய திறவுகோலைக் காட்டுதல் வேண்டும். இடையிலுள்ள பிரிகருவியும் உரிமம் பெற்றதாதல் வேண்டும். திறவுகோலற்ற பழைய பெட்டிக்கு, சமிக்ஞை எத்துணை வலுவுடையதாயினும், அந்நிகழ்ச்சி கிட்டாது. 2010 இல் இப்பூட்டின் மூலத் திறவுகோல் வெளியாகியமையை இன்ரெல் நிறுவனமே உறுதிப்படுத்திற்று. ஆயினும் பூட்டு நீக்கப்படவில்லை; புதிய பதிப்புகளே தொடர்ந்தன.

பார்சன்ஸின் வடத்தை மட்டுப்படுத்தியது தூரமும் வலுவும் ஆகும். அவற்றை விரியலாக்கி வென்றது. இன்றைய வடத்தை மட்டுப்படுத்துவதோ மனிதர் இட்ட விதி. ஆக்கியோனுக்குப் பயன் கிடைத்தல் நியாயமே. எனினும், ஒருமுறை விலை கொடுத்துப் பெற்றதைத் தன் வீட்டின் மற்றோர் அறையிற் காண்பதற்கும் பிறரின் அனுமதி வேண்டுமாயின், வீட்டின் எல்லை எங்கே முடிகின்றது என்ற வினா எழாதிராது. அதற்கு விடை கூறவேண்டியோர் பொறியியலாளர் மட்டுமல்லர். சமூகத்தைக் கற்போரும் ஆவர்.